தேவாவின் அறை

எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய பிரசன்னா எட்டு மாதம் இழுத்தான். தேவாவை வனத்துறையின் இணையதளத்தில் பதிவு செய்ய அவனுக்கு எட்டு நாள்கூட ஆகவில்லை. தேவா என்றால் மைத்துனன் என்று நினைத்துவிடாதீர்கள். வாலோடு சேர்த்து மூன்றரை அடி இருக்கும் பச்சை நிற இகுவானா, வெளிநாட்டு ஓணான். பிரசன்னாவின் ஆபீஸ் நண்பன் வெளிநாடு கிளம்பும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. “ஆம்பளை, மூணு வயசு, ரொம்ப சாது” என்று சொல்லிக் கொடுத்தான்.

சாதுவாம். என்னைக் கண்டால் கழுத்துப் பையை விரித்துக்கொண்டு வாலைச் சொடுக்கும். பிரசன்னாவைக் கண்டால் தோளில் ஏறி, அவன் காதோரம் கண்ணை மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் நான் தலை சாய்த்து எத்தனை நாளாகிறது என்று எண்ணிப் பார்ப்பேன். எரியும்.

வேலப்பன்சாவடியில் எங்கள் ஃப்ளாட்டுக்கு இரண்டு படுக்கையறை. இரண்டாவதைக் குழந்தைக்கென்று வைத்திருந்தோம். போன கார்த்திகையில், பதினோராவது வாரத்தில், அது கலைந்துபோனது. மறுநாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் பிரசன்னா லேப்டாப்பைத் திறந்துவிட்டான். ஆபீஸில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸாம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. நான் எடுத்தால், “காபி போடட்டுமா?” என்று எழுந்து போய்விடுவான். ஒரே ஒரு தடவை அவன் என் எதிரில் உட்கார்ந்து அழ வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நான்கு மாதமாக அதற்காகக் காத்திருந்தேன்.

மாசி மாதம் அந்த அறையை ஓணானுக்குக் கொடுத்தான். கேட்காமல் இல்லை, கேட்டான். “அந்த ரூம் சும்மாதானே இருக்கு?” என்று கேட்டான். இருவரும் ஒரே காலேஜில் படித்தவர்கள், வாயாடுவதில் நான் அவனுக்குச் சளைத்தவள் இல்லை. ஆனால் அந்த ‘சும்மா’வைக் கேட்டதும் எழுந்து போய் அந்த அறையின் கதவைத் திறந்துவிட்டேன்.

பூந்தமல்லியிலிருந்து அப்துல் ரசாக் பாய் வந்து கூண்டுக்கு அளவெடுத்தார். எங்கள் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தவர். ஆறடி உயரம், ஐந்தடி அகலம் என்று பிரசன்னா சொன்னதும் டேப்பைச் சுருட்டிவிட்டு அவனைப் பார்த்தார்.

“இன்னா தம்பி, ஒரு ஓணானுக்கா இம்மாம் பெரிய ஊடு? எங்க ஊட்ல அஞ்சு பேரு இத்தினியூண்டு ரூம்ல படுத்துகினு கீறோம்.”

“அது மரத்துல வாழ்ற ஜந்து பாய். உயரம் வேணும்.”

உயரம், வெயில், ஈரம் எல்லாம் வேண்டுமாம். ஒரு மூலையில் முப்பத்தைந்து டிகிரி, எதிர் மூலையில் இருபத்தேழு. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதற்கு வேண்டிய கதிர் வராது என்று எனக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தான். அதற்கென்று தனி டியூப்லைட், கம்பி வலைக்கு மேலே, சரியாக ஓரடி தள்ளி. ஈரப்பதம் குறைந்தால் அவன் போனில் மணி அடிக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் என் அப்பா வளர்த்த கொய்யா மரத்திலிருந்து இரண்டு கிளை வெட்டி வந்து, வெந்நீரில் கழுவி, மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்தான். சமையலறையில் ஒரு பலகை அடிக்கச் சொல்லி ஒரு வருஷமாகக் கெஞ்சுகிறேன், நேரமில்லை. இதற்கு மட்டும் ட்ரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றான். தரைக்கு மண் வேண்டாம், பூச்சி வரும், துடைக்கவும் கஷ்டம் என்று வழவழப்பான வினைல் விரிப்பைப் போட்டான்.

காலையில் முருங்கை இலை, செம்பருத்திப் பூ, பூசணித் துருவல். மூன்று தண்ணீரில் அலசி, தட்டில் அடுக்கி, “தேவாக் கண்ணு, சாப்பிடு” என்பான். எனக்கு வாந்தி வந்த நாட்களில், மாதுளம்பழம் உரித்துத் தா என்று கேட்டதற்கு, உரித்த மாதுளை டப்பாவை ஆர்டர் போட்டவன்தான் இவன். ஓர் ஓணானைப் பார்த்து வயிறெரிவது கேவலம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எரிந்தது.

பங்குனியில் தேவா தீனியை நிறுத்தியது. நாள் முழுக்க வினைல் விரிப்பின் மூலையை நகத்தால் பிறாண்டியது. பிரசன்னா சூட்டை ஒரு டிகிரி ஏற்றினான், இறக்கினான், பல்பை மாற்றினான். பிறாண்டல் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாடியிலிருந்து மாமியார் சொர்ணம் வந்தாள். பல்லியைக் கண்டாலே புடவையை உதறுகிறவள். ஆனால் மகன் முகம் வாடினால் பொறுக்காது.

“கண்ணு பட்டுகீதுடா. எவ கண்ணோ தெரியல, நல்லா கீற ஜீவன் இப்டி துன்னாம கெடக்குது.”

உப்பும் மிளகாயும் எடுத்துக் கூண்டை மூன்று சுற்றுச் சுற்றி, துப்பச் சொன்னாள். ஓணான் துப்புமா? மகனைத் துப்ப வைத்தாள். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள்.

“பாத்தியா, இத்தினி மொளகா போட்டும் நெடியே வரல. பெரிய கண்ணுடா இது!”

சிம்னி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. கண் யாருடையது என்று எனக்குத் தெரியும், அதனால் வாயைத் திறக்கப் பயம்.

அவர்கள் ஹாலுக்குப் போனதும் கூண்டின் முன்னால் போய் உட்கார்ந்தேன். முதல்முறையாக அது வாலைச் சொடுக்கவில்லை. அதற்கு என்னைக் கவனிக்க நேரமில்லை, பிறாண்டிக்கொண்டிருந்தது. பிரசன்னா எப்போதும் தெர்மாமீட்டரைத்தான் பார்ப்பான். நான் வயிற்றைப் பார்த்தேன். தோலுக்கடியில் கோலிக்குண்டுகளாகப் புடைத்திருந்தது.

“பிரசன்னா, இது ஆம்பளை இல்ல. முட்டை வச்சிருக்கு.”

சிரித்தான். “ஜோடியே இல்லாம எப்படி?”

வீடியோவில் மிருக டாக்டர் நிஷாவைக் கூப்பிட்டான். அவர் வயிற்றைக் காட்டச் சொன்னார், தொடையைக் காட்டச் சொன்னார். பிறகு, “பொண்ணுதான். ஜோடி இல்லாமலும் முட்டை வரும். கூண்டுல தோண்டறதுக்கு மண்ணு எங்க?” என்றார். பிரசன்னா வினைல் விரிப்பைப் பார்த்தான். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கிவிடும், உயிருக்கே ஆபத்து, நாளைக்குள் போடாவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்.

ஜோடியில்லை, மாத்திரையில்லை, ஊசியில்லை. அதற்கு வயிறு நிறைய. எனக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தங்கவில்லை. ஒரு நிமிஷம், முழுதாக ஒரு நிமிஷம், மண் கிடைக்காமலே போகட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவள் நான்தான், மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பிறாண்டல் சத்தம். காதைப் பொத்தினாலும் கேட்டது. பால்கனிக்குப் போய் என் ரோஜாத் தொட்டி, கறிவேப்பிலைத் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் மண்ணை நிரப்பி, தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். இழுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது பிரசன்னா கூண்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது. அழுதுகொண்டிருந்தான்.

நான் நான்கு மாதமாகக் காத்திருந்த அழுகை. அதையும் ஓணான் வாங்கிக்கொண்டது.

மறுநாள் லீவு போட்டான். எனக்குப் போடாத லீவு. மதியம் மூன்று மணிக்குள் தேவா மண்ணுக்குள் முப்பத்திரண்டு முட்டை போட்டுவிட்டு, ஒட்டிய வயிறோடு கிளையில் ஏறி வெயில் காய்ந்தது. டாக்டரைக் கேட்டோம். கரு இல்லாத முட்டை, பொரியாது, குப்பையில் போட்டுவிடலாம் என்றார்.

அவனால் முடியவில்லை. குப்பைக் கூடைவரை போனான், திரும்பி வந்தான். தன் துண்டில் எல்லாவற்றையும் அடுக்கி, தூளிபோல் ஏந்திக்கொண்டு கீழே இறங்கினான். நானும் பின்னால் போனேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரோரம் உட்கார்ந்து குழி தோண்டினான். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“ஆஸ்பத்திரில நர்ஸ் என்கிட்ட கேட்டாங்க, ‘நாங்களே அப்புறப்படுத்திடட்டுமா’ன்னு. நீ எங்க இருந்த?”

கை நின்றது. “கீழ. பார்மசி க்யூல.”

“நான் தலையாட்டிட்டேன். எங்க போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. இதுங்களுக்குத் துண்டு, இதுங்களுக்குக் குழி!”

மடியிலிருந்த துண்டின் ஓரத்தை மடித்துவிட்டான். பிறகு மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “யாரும் எனக்கு எதையும் காட்டல மைதிலி. மேல வந்தேன், நீ சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்த. என் கையில மாத்திரைக் கவர் இருந்துச்சு. நான் எதைப் பார்த்து அழணும்?”

உடனே மனம் ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய். அவன் மடியில் வைத்திருந்த அந்த முட்டைகளைப் பார்த்தபோதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத அவற்றைத் தூக்கிக்கொண்டு வர ஓர் அப்பன் கிடைத்திருந்தான்.

அவன் துண்டைக் குழிக்குள் இறக்கப் போனான். மணிக்கட்டைப் பிடித்தேன்.

“இன்னும் தோண்டு.”

“இதுக்கு இது போதும்.”

“இதுக்குப் போதும்,” என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு துண்டை என் மடிக்கு மாற்றிவிட்டு, பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட ஆரம்பித்தான். சின்னதாக, வெறுங்கையால்.