கடைசியாக வரும் அணி

"பந்தைப் பிடிக்காதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை அண்ணை! பிடிபடாமல் போகட்டும் எண்டுதான் சொல்லுறன்!"

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"

"முதலாவதுக்குப் பேர் களவு. ரெண்டாவதுக்குப் பேர் வயசு!"

பக்கத்து வீட்டு மேரிசாந்தி வக்யூம் மெஷினை நிறுத்திவிட்டாள். வெஸ்ட் ஈலிங்கின் அந்த வரிசை வீடுகளில் சுவர் என்பது ஒரு மரியாதைக்காகத்தான் நிற்கிறது. சனிக்கிழமை காலையில் இரண்டு ஆண்கள் குசினிக்குள் கத்தும்போது தூசி இழுத்துக்கொண்டிருக்க அவள் என்ன கல்லா? அன்று அவள் கேட்டதில்தான் இந்தக் கதையின் பாதி இருக்கிறது.

கத்தியவன் நிருஜன், வெண்சங்கு விளையாட்டுக் கழகத்தின் மனேஜர். முப்பத்திரண்டு வயது. கழகத்தின் டிராக் சூட்டை கலியாண வீட்டுக்கும் போடக்கூடியவன். கத்த வைத்தவர் அந்த வீட்டுக்காரர் புவனேந்திரன், அதே கழகத்தின் கோல் கீப்பர். நாற்பத்தாறு வயது. ஹீத்ரோவில் சரக்குப் பெட்டி இறக்கும் வேலை. வலது முழங்காலில் வைத்தியர் கத்தி வைக்க நாள் குறித்தாயிற்று. ஆகவே நாளைய ஆட்டம்தான் அவருக்குக் கடைசி. அதில்தான் அவரை ஒரு கோல் விடச் சொல்கிறார்கள்.

விஷயம் இதுதான். மேற்கு லண்டனில் நம்மவர்களுடைய ஆறு உதைபந்தாட்டக் கழகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹவுன்ஸ்லோ மைதானத்தில் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும். லண்டனுக்குப் புதிதாக வரும் விளையாட்டுக்காரர்களை யார் சேர்ப்பது என்று வருடா வருடம் அடிதடி. அமெரிக்காவில் செய்வதுபோல் நாங்களும் செய்வோம் என்று போன வருடம் முடிவெடுத்தார்கள். தோற்றுத் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஆளை எடுக்கலாம். பலவீனமானவனும் நிமிர வேண்டுமல்லவா? லீக் செயலாளர் அம்பலவாணன் இதற்குத் 'தெரிவு வைபவம்' என்று பெயர் வைத்தார். மற்ற எல்லோரும் 'பொம்பிளை பாக்கிறது' என்றார்கள். புதியவர்களை மண்டபத்தில் வரிசையாக இருத்தி, ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, எந்த ஊர், ஆருடைய மகன், விசா எப்படி என்று கேட்பார்கள். கோல் அடிப்பாயா என்ற கேள்வி கடைசியில்தான் வரும்.

இந்த வருடத்துப் பொம்பிளை ஜதுசன். பாரிசிலிருந்து வந்து சவுத்தாலில் பெரியம்மா வீட்டில் நிற்கிறான். இரண்டு காலாலும் அடிப்பானாம். வெண்சங்கும் நீலக்கொடியும் பட்டியலின் அடியில் சம புள்ளியோடு கிடந்தன. நாளை இரண்டும் மோதுகின்றன. சமனில் முடிந்தால், அதிக கோல் வாங்கிய நீலக்கொடி கடைசி. வெண்சங்கு தோற்றால் வெண்சங்கு கடைசி, ஜதுசன் அவர்களுக்கு.

"அமெரிக்காவில எவ்வளவு பெரிய ரீம் எல்லாம் இதைத்தான் செய்யுது. அவங்கள் என்ன விசரங்களே?" என்றான் நிருஜன்.

"அவங்களுக்கு அது வேலையடா. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடக்கு."

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த புவனேந்திரனின் மனைவி கமலேஸ்வரி திரும்பாமலே சொன்னாள். "ஒரு பெடியனைப் பிடிக்கிறதுக்கு ஏன் தோக்க வேணும்? ரெண்டு தரம் வீட்டை கூப்பிட்டுச் சோறு போட்டால் தன்ர பாட்டில வருவான்."

"அக்கா, இது ரூல்ஸ்."

"ரூல்ஸ் தெரிஞ்ச ஆள்தான், களவெடுக்கச் சொல்லிக் குடுக்கிறீர்."

நிருஜன் போனபின் புவனேந்திரன் கதிரையிலேயே இருந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தோரு வருடத்தில் அவர் எதைத்தான் விடவில்லை? வேலையிடத்தில் பெயரை 'பூ' என்று சுருக்கியபோது விட்டார். தன்னிடம் வேலை பழகியவன் சூப்பர்வைசரானபோது விட்டார். மாமியார் வந்து நின்ற எட்டு மாதமும் காரின் முன் சீட்டையும் ரிவி ரிமோட்டையும் விட்டார், ரிமோட் பிறகும் அவர் கைக்குத் திரும்பவில்லை. இரண்டு கம்பத்துக்கு நடுவில் மட்டும் அவர் தானாக எதையும் விட்டதில்லை. போன கோல்கள் நிறைய, அதை அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் போனது வேறு, விட்டது வேறு.

"விடப் போறியளோ?" என்று கேட்டாள் கமலேஸ்வரி.

"பதினாலு பேர் அந்தப் பெடியனை நம்பிக்கொண்டு நிக்கினம்."

"நான் அதைக் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்தைச் சட்டிக்குள் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது போல ஓர் ஆட்டத்தை ஹவுன்ஸ்லோ பார்த்திருக்காது. நீலக்கொடிக்காரருக்குச் சமனே போதும் என்பதால் அவர்கள் கோல் பக்கம் வரவே மறுத்தார்கள். வெண்சங்குக்காரர் பந்தைக் கொண்டுபோய் அவர்கள் காலடியில் வைத்தார்கள். விருந்தில் கடைசி வடையை நீங்கள் எடுங்கோ, இல்லை நீங்கள் எடுங்கோ என்று தள்ளுவதுபோல் எண்பது நிமிடம் பந்து நடுவிலேயே கிடந்து சீரழிந்தது. வேலியோரம் நின்ற பார்வையாளர் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் காருக்குள் போய் ஹீற்றரைப் போட்டுக்கொண்டார்கள்.

பொறுக்க முடியாமல் நிருஜன் கையைக் காட்டினான். வெண்சங்கின் பின்வரிசை ஆட்டக்காரன் றொஷான் திரும்பி, தங்கள் கோலை நோக்கியே பந்தை உருட்டினான். புவனேந்திரன் விடத்தான் நினைத்தார். ஆனால் உடம்பு அவரைக் கேட்கவில்லை. முழங்கால் விழுந்தது, கைகள் போயின, பந்து நெஞ்சுக்குள் வந்துவிட்டது. சொந்த ஆள் உதைத்த பந்தைக் கீப்பர் கையால் பிடிப்பது தப்பு என்று நடுவர்கூட ஊதவில்லை. காரிலிருந்து யாரோ ஹோர்ன் அடித்துப் பாராட்டினார்கள்.

"அண்ணை, என்ன அண்ணை இது!" என்று நிருஜன் தலையில் கை வைத்தான்.

கடைசி நிமிடத்தில் றொஷான் மறுபடியும் உருட்டினான். இந்தத் தடவை அவர் பந்தைப் பார்க்கவில்லை. கைகளை நெஞ்சோடு மடக்கி, ஆகாயத்தைப் பார்த்தார். ஒரு விமானம் சக்கரத்தை இறக்கியபடி தலைக்கு மேலே போனது. அதன் வயிற்றுக்குள் இருக்கும் பெட்டிகளை இன்றைக்கு யார் இறக்குவார்கள் என்று யோசித்தார். பந்து வலையைத் தொட்ட சத்தம் ஒரு பை கீழே விழுந்ததுபோல் இருந்தது.

வென்ற நீலக்கொடிக்காரர் இழவு வீட்டு முகத்தோடு நின்றார்கள். தோற்றவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். புவனேந்திரன் கையுறையைக் கழற்றாமலே கார் வரைக்கும் நொண்டிப் போனார்.

அடுத்த ஞாயிறு, பகல் இரண்டு மணிக்குத் தெரிவு வைபவம். வெண்சங்குக்காரர் சரித்திரத்தில் முதல் தடவையாக அரை மணி நேரம் முந்தி வந்து முன்வரிசையில் இருந்தார்கள். ஜதுசன் புதுச் சேர்ட்டோடு, கையில் ரோல்ஸோடு, நாணமாகவே இருந்தான். நீலக்கொடிக்காரரைக் காணவில்லை. மூன்றே காலுக்கு அவர்களுடைய மனேஜர் ரோஹித் படையோடு உள்ளே வந்து, நேரே மேசைக்குப் போய், லீக்கின் விதிகள் அடங்கிய யாப்புப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்தான்.

"பிரிவு ஏழு. கடைசியாக வரும் அணிக்கே முதல் தெரிவு." புத்தகத்தை மூடினான். "எல்லாரும் பாத்தனீங்கள்தானே? நாங்கள்தான் கடைசியா வந்தனாங்கள்."

மண்டபம் சிரித்து முடிய இரண்டு நிமிடம் ஆனது. அம்பலவாணன் சிரிக்கவில்லை. அந்த யாப்பை எழுதியவர் அவர். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் ஒற்றுப் பிழைக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவர். தன் வசனத்தில் ஓட்டை என்று சபையில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"'வரும்' எண்டால் பட்டியலில வாறது" என்று நிருஜன் எழும்பினான்.

"அப்பிடி எங்கை எழுதிக் கிடக்கு?" என்றான் ரோஹித். "பட்டியல் எண்டாலும், நீங்கள் தோத்து வந்தியளோ, நடிச்சு வந்தியளோ?"

மற்ற நான்கு கழகக்காரரும் முணுமுணுத்தார்கள். அம்பலவாணனுக்குத் தப்பிக்க வழி கிடைத்தது. கண்ணாடியை இறக்கி முன்வரிசையைப் பார்த்தார்.

"புவனேந்திரன், நீர் சொல்லும். அந்தப் பந்து தவறினதோ, விட்டதோ? தவறினது எண்டால் வெண்சங்குதான் கடைசி. கதை முடிஞ்சுது."

நிருஜன் மறுபடி உட்கார்ந்து புவனேந்திரனின் தொடையை அழுத்தினான். ஒரு சொல் போதும். தவறிவிட்டது, வயது போய்விட்டது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், முழங்காலே சாட்சி. புவனேந்திரனுக்குத் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, கால் குத்தியது. எழும்பி நிற்பதற்கு இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது.

"விட்டனான்" என்றார். "தவறேல்லை. நான்தான் விட்டனான்."

பிறகு வாக்கெடுப்பெல்லாம் பெயருக்குத்தான். ஜதுசன் ரோல்ஸை விழுங்கிவிட்டு எழும்பி நீலக்கொடிக்காரர் பக்கம் போய் இருந்தான். வெண்சங்குக்காரர் ஒருவரும் புவனேந்திரனைக் காரில் ஏற்றவில்லை. அவர் பஸ்ஸில் வந்தார். கமலேஸ்வரி சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக ரிமோட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

மேரிசாந்தி சொல்லித்தான் மிச்சம் தெரியும். ஜதுசன் நீலக்கொடிக்கு மூன்று ஆட்டம் ஆடினான். இரண்டு கோல் அடித்தான், ஒன்று இடது காலால். பிறகு மிதுஷா என்ற சுவிஸ் பெட்டையைக் கலியாணம் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டான். அவளுடைய தகப்பனுக்கும் ஒரு கழகம் இருக்கிறதாம். நிருஜன் வீடு வாங்கி மில்ரன் கீன்ஸுக்கு மாறினான். போகும்போது இந்தத் தெருவால்தான் போனான், நிறுத்தவில்லை. அம்பலவாணன் பிரிவு ஏழைத் திருத்தி அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அதில் இப்போது மூன்று விதமாக அர்த்தம் வருகிறதாம்.

புவனேந்திரன் ஒப்பரேஷன் முடிந்து வீட்டில்தான். கையுறைகளை அவரே கழுவி, பின்வளவுக் கொடியில் இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். ஐந்து வாரமாயிற்று.

"எடுக்கேல்லையோ அண்ணை?" என்று மேரிசாந்தி வேலிக்கு மேலால் கேட்டாள்.

"இன்னும் காயேல்லை தங்கச்சி" என்றார்.

அன்று பின்னேரமும் தூறியது. காற்றில் ஒரு கிளிப் கழன்று, இடது கையுறை வேலிப் பலகையின் மேல் மல்லாந்து விழுந்து கிடந்தது. விரித்த அதன் உள்ளங்கையில் மழைத் தண்ணீர் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டிருந்தது.