பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சபைக்குள் ஆண்டவரை வரவழைத்தது பாஸ்டர் என்று நினைத்தால் அது தப்பு. பாட்டுக் குழுவும் இல்லை, உபவாசம் இருந்து கன்னம் ஒட்டிப்போன மூப்பர்களும் இல்லை. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு ஆடுகிற மேசைமேல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அவன்தான். வீட்டில் வைத்த பேர் எதுவாகவோ இருக்கட்டும், சபையில் சின்னது முதல் பெரியது வரை எல்லோருக்கும் அவன் 'சவுண்டு'. "சவுண்டு பிரதர், மைக் கத்துது." "சவுண்டு அண்ணே, ஃபேனைக் கொஞ்சம் குறைங்க." ஃபேனுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. ஸ்விட்ச் எல்லாம் அவன் கையில் என்று ஒரு நம்பிக்கை.

அது ஒருவகையில் உண்மையும்கூட. பிரசங்கம் முடிகிற சமயத்தில் பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். அதுதான் அடையாளம். அவர் குரல் இறங்கும். கீபோர்டுக்காரன் ஒரே சுரத்தைப் பிடித்து விடாமல் அழுத்திக்கொண்டிருப்பான். சவுண்டு அந்தச் சுரத்தை மேடைக்கு அடியில் இருந்த பேஸ் பெட்டிகளுக்கு அனுப்பி, மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் குமிழை மயிரிழை மயிரிழையாக மேலே தள்ளுவான். காதுக்கு எட்டும் முன்னால் அது நெஞ்சுக்கு எட்டிவிடும். உட்கார்ந்திருக்கும் பெஞ்சு லேசாக அதிரும். பாஸ்டருடைய மைக்கில் கொஞ்சம் எக்கோ சேர்ப்பான். "இதோ, நம்ம நடுவுல வந்துட்டார்" என்பார் பாஸ்டர். முன்வரிசையில் ஒரு சிஸ்டர் விம்முவாள். அப்புறம் கேட்க வேண்டுமா? மளமளவென்று கைகள் உயரும், முழங்கால்கள் மடியும், கடன் வாங்கியவனும் கடன் கொடுத்தவனும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து அழுவார்கள்.

இதை ஏமாற்று வேலை என்று சவுண்டு ஒருநாளும் நினைத்ததில்லை. கல்யாண வீட்டில் சிரிக்க வைக்கிற மாதிரி இங்கே அழ வைக்க வேண்டும், அவ்வளவுதான். வாரநாட்களில் அவனுக்கு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. ஃபியூஸ் மட்டும் போன பெட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "உள்ள போர்டே போயிடுச்சு சார்" என்று கூசாமல் சொல்லுகிற ஆள். சபைக்கு வந்ததே மனைவிக்காகத்தான்.

மனைவி மூன்றாவது வரிசையில், நடைபாதையை ஒட்டிய இடத்தில் உட்காருவாள். அவளுக்கு இடதுபக்கம் ஒரு ஆள் இடம் எப்போதும் காலியாக இருக்கும். அது பாப்பாவுடைய இடம். ஒரே பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதான் போக ஆரம்பித்திருந்தது, ஒரு காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனது, திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டில் அழுததே கிடையாது. கல் மாதிரி பாத்திரம் கழுவுவாள், கல் மாதிரி படுப்பாள். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றும் அந்த நேரத்தில் மட்டும் அவளுக்கு அழுகை வரும். "இடது பக்கமா வந்து சாயுறா" என்று வீட்டுக்கு வந்ததும் சொல்லுவாள். "பாப்பாதான். அந்தக் கனம் எனக்குத் தெரியாதா? அம்மா நான் ஆண்டவர்கிட்ட நல்லா இருக்கேன்னு சொல்றா." அன்றைக்கு மத்தியானம் மட்டும் அவள் ரெண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவாள். மற்றவர்களுக்காக ஃபேடரைத் தள்ளச் சொன்னது பாஸ்டர். அவளுக்காக அவனாகவே தள்ளினான், அவள் தோள் குலுங்குகிற வரைக்கும் பார்த்துப் பார்த்துத் தள்ளினான்.

"அவர் உங்களையும் ஒரு தரம் தொடணும்ங்க. அது ஒண்ணுதான் என் ஜெபம்" என்பாள்.

"மிக்ஸருக்குப் பின்னாடி இடமே இல்லையேம்மா, எங்க வந்து நிப்பாரு?" என்று அவன் கிண்டல் அடிப்பான்.

வந்து நின்றார். அதுதான் வினை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஹாலில் ஈ காக்கை இல்லை. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அறுந்துபோன ஒரு மைக் வயருக்கு முனை மாற்றிக்கொண்டிருந்தான். ஃபேன் சத்தம் இல்லை, ஸ்பீக்கரின் இரைச்சல் இல்லை. அப்போது யாரோ பக்கத்தில் இருந்தார். வெளிச்சமும் கிடையாது, குரலும் கிடையாது, உடம்பு சிலிர்க்கவும் இல்லை. தன்னை அடிமுதல் நுனிவரை தெரிந்த ஒருவர், இத்தனையும் தெரிந்த பிறகும் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருக்கிறார் என்பது மட்டும், கையில் ஸ்க்ரூ டிரைவர் இருப்பது தெரிகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக, அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. சவுண்டுக்கு அழவும் தோன்றவில்லை, கையைத் தூக்கவும் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் ஏற்றி இறக்காமல் சும்மா இருந்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அந்த இருப்பு விலகின பிறகு குனிந்து பார்த்தான். வயர் முனையின் திருகாணிகள் உள்ளங்கையில் அப்படியே இருந்தன.

அன்று சாயங்காலமே கடையில் தொல்லை ஆரம்பித்துவிட்டது. ஒருத்தர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சவுண்டு வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினான். ஆனால் வாயிலிருந்து வந்தது என்னவோ, "ஃபியூஸ்தான் சார், சும்மா எடுத்துட்டுப் போங்க." ரிப்பேர் கடைக்காரனுக்கு இதைவிடக் கொடிய வியாதி வேறு வேண்டுமா?

மறுநாள் பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். சவுண்டு ஃபேடரில் விரலை வைத்தான். விரல் நகரவில்லை. தேவதூதன் ஒன்றும் வந்து கையைப் பிடிக்கவில்லை. உண்மையாக வந்தவரை அறிந்த பிறகு, வராதவரை வந்ததாக எப்படிக் காட்டுவது? அவ்வளவுதான் விஷயம். பாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், தேய்ந்துபோகிற அளவுக்குத் துடைத்தார். "இதோ, வந்துட்டார்" என்றார். எக்கோ இல்லாத அந்தக் குரல் சளி பிடித்த ஒரு சாதாரண ஆளின் குரலாக இருந்தது. யாரோ இருமினார்கள். மூன்றாவது வரிசையில் அவன் மனைவி இரண்டு கையையும் விரித்துக் காத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெல்ல இடதுபக்கம் திரும்பிக் காலி பெஞ்சைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பின்னாலிருந்து சவுண்டு பார்த்தான்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் தன் அறைக்குள் கூப்பிட்டார்.

"என்ன பிரதர், பெட்டி ரிப்பேரா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு ஐயா. நான்தான் தள்ளலை. நேத்து அவர் வந்தாரு. இந்த ஹாலுக்கே. கரண்ட்டே இல்லாம."

பாஸ்டர் அறைக் கதவைச் சாத்தினார். "விழுந்தீங்களா? அந்நிய பாஷை பேசினீங்களா? அழுகையாவது வந்துச்சா?"

"இல்லீங்க ஐயா."

"அப்போ அது தூக்கக் கலக்கம்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் கஷ்டம். "பாருங்க பிரதர், வாரம் பூரா அடிபட்டு மிதிபட்டு வர்ற ஜனம். கொஞ்ச நேரம் மனசுவிட்டு அழுதுட்டுப் போகட்டுமே. அதுல உங்களுக்கு என்ன நஷ்டம்? உங்க வீட்டம்மாவையே எடுத்துக்குங்க. அந்தப் பொண்ணுக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு?"

சவுண்டு தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். ஆனாலும் அடுத்த ஞாயிறும் விரல் நகரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் நகரவில்லை.

ஆண்டவருடைய பிரசன்னம் போய்விட்டது என்று சபை முழுக்க ஒரே பேச்சு. வருகிற கூட்டம் பாதியாகக் குறைந்தது. பாஸ்டர் என்ன செய்வார்? யாரோ ஒருவருடைய மறைவான பாவம்தான் ஆண்டவரைத் தடுக்கிறது, அது வெளியே வருகிற வரைக்கும் உபவாச ஜெபம் என்று அறிவித்துவிட்டார். தடுப்பது எந்த மேசை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டிவருமே!

அந்த அறிவிப்பு நேராகப் போய் விழுந்தது சவுண்டின் மனைவி தலையில். "நான்தாங்க அது" என்றாள் அன்று வீட்டுக்கு வந்ததும். "ஆஸ்பத்திரியில அன்னிக்கு நான் ஆண்டவரைக் கண்டபடி திட்டினேன்ல? அதை வெச்சிருந்து இப்ப கேக்குறாரு. அதான் பாப்பாவை அனுப்ப மாட்டேங்கிறாரு." அதோடு சாப்பாட்டை நிறுத்தினாள். தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது, யாருக்கோ எப்போதோ முகம் கொடுக்காமல் போனது என்று ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்துத் தன்னையே அடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் பாத்திரம் துலக்குமிடத்தில் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கு மேல் அவனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கண்ணாடியைக் கழற்றுவது, கீபோர்டு, பேஸ் பெட்டி, ஃபேடர், எல்லாம். "நீ ஒரு தப்பும் பண்ணலைம்மா. நான் தள்ளலை, அவ்வளவுதான்."

அவள் தண்ணீர் சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்போ என் பக்கத்துல வந்து சாஞ்சது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க விரலா?"

சனிக்கிழமை நடந்ததை அதன் பிறகுதான் சொல்ல வாயெடுத்தான். வந்தாரும்மா, நிஜமாவே வந்தாரு, நீ ஜெபிச்சியே, அது நடந்துடுச்சு என்று சொல்லிப் பார்த்தான். சுவரிடம் சொல்லியிருக்கலாம். பாப்பாவை இரண்டாம் தடவையாக அடக்கம் செய்துவிட்டு நிற்கிறவளிடம் போய், எனக்கு ஆண்டவர் கிடைத்துவிட்டார் என்றால் அவள் என்ன செய்வாள்?

மறுநாள் உபவாச ஜெபத்தில் அவளே எழுந்து நின்றாள். பெட்டியைப் பற்றி மூச்சே விடவில்லை. "விசுவாசமே இல்லாத மனுஷன் கையில மிக்ஸர் இருக்கு. அவர் என் வீட்டுக்காரர்" என்றாள். தெரிந்துதான் சொன்னாள். பாப்பா வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள், அதற்கு எது தடையோ அது போக வேண்டும். பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூப்பர்கள் சவுண்டை முன்னால் மண்டியிட வைத்துத் தலையில் கை வைத்து, அவிசுவாசத்தின் ஆவியைத் துரத்தினார்கள். துரத்துகிற வேகத்தில் மைக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. எல்லோரும் பழக்க தோஷத்தில் அவனைப் பார்த்தார்கள். அவனே எழுந்து போய் அதைக் குறைத்து வைத்துவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் மண்டியிட்டான்.

மிக்ஸர் அவன் மைத்துனன், மனைவியின் தம்பி கைக்குப் போயிற்று. "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க மாமா" என்று சொல்லிவிட்டு, அந்த மேசையில் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டான். பேஸ் என்றால் அவனுக்கு உயிர். முதல் ஞாயிறே ஹாலைக் கிடுகிடுக்க வைத்துவிட்டான். ஆண்டவர் திரும்பி வந்துவிட்டார் என்று ஒரே சந்தோஷம். சவுண்டுக்கோ அன்றிலிருந்து கடை, வீடு, கடை. சனிக்கிழமை வந்தவர் அப்புறம் ஒருநாளும் வரவில்லை. கடையை மூடிவிட்டு, எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு உட்கார்ந்துகூடப் பார்த்தான். ம்ஹும். ஆனால் வந்துபோனது மட்டும் போகவே மாட்டேன் என்றது. பொய் வாயில் நிற்கவில்லை. கடை ஈயாடியது. மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், தட்டை எடுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சபைக்குக் கிளம்பி வாசல்வரை போனவள், தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நின்றாள்.

"அன்னிக்கு அவர் வந்தாருன்னு சொன்னீங்களே" என்றாள்.

அவன் எழுந்தே நின்றுவிட்டான். எத்தனை நாளைக்கு அப்புறம் அந்தக் குரல்! "ஆமாம்மா."

"நிஜமாவா?"

"பாப்பா மேல சத்தியமா."

அவள் முகம் இளகியது. கல்யாணமான புதிதில் அவன் வேலை முடிந்து வர நேரமானால் இப்படித்தான் வாசலில் நின்று பார்ப்பாள். "அப்போ பாப்பாவைப் பத்தி என்ன சொன்னாரு?"

பாப்பா நல்லா இருக்கான்னு சொன்னாரு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்காருவாள்; அழுவாள்; வீட்டிலேயே, அவன் தோளிலேயே அழுவாள். இனி அந்த ஹாலும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். மயிரிழை தள்ளினால் போதும். அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"ஒண்ணும் சொல்லலைம்மா."

"நீங்க கேக்கலையா?"

அவன் அந்தச் சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தான். அடிமுதல் நுனிவரை நினைத்துப் பார்த்தான். "கேக்கலை" என்றான். "அந்த நேரத்துல எனக்கு... தோணலை."

"தோணலை" என்று அவள் திருப்பிச் சொன்னாள். முகம் மறுபடியும் கல்லாயிற்று. "பெத்த பிள்ளை ஞாபகமே வராத இடத்துக்குப் போயிட்டு வந்திருக்கீங்க. அவர் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு என் தம்பி போதும்."

கதவு சாத்திக்கொண்டது. அவள் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது.

தெருக்கோடியில்தான் சபை. பாட்டு வந்தது, நின்றது. பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் வீட்டுக்குக் கேட்காது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவன் வீட்டு ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர ஆரம்பித்தது. மைத்துனன் பேஸை ஏற்றுகிறான். அவசரக்காரன், கொஞ்சம் பொறுத்து ஏற்றியிருக்கலாம். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். மூன்றாவது வரிசையில் அவளுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்திருக்கும். பாப்பா வந்திருப்பாள்.

சவுண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். கையை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், அன்றைக்கு மாதிரியே சும்மா இருந்து பார்த்தான். பிறகு மெல்ல இடதுபக்கம் திரும்பினான். அங்கே ஒருவரும் இல்லை.