பவ்யா சொன்ன பெயர்

ஜத்தப்ப ஷெட்டிக்கு நான் தர வேண்டியிருந்தது ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். மகள் பவ்யா மூன்று வயதாகியும் நடக்காமல் கிடந்தபோது தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு, அந்தச் செலவுக்கு வாங்கியது. அவள் நடந்துவிட்டாள். கடன் மட்டும் நகரவில்லை.

ஷெட்டியின் பாக்குத் தோட்டத்தில்தான் எனக்கு வேலை. கூட மரம் ஏறுகிறவன் லோகய்யா. தை, மாசி வந்தால் அவன் முகத்தில் வண்ணம் பூசி, காலில் சிலம்பு கட்டி, தெய்வம் ஏறி ஆடுவான். அன்றைக்கு ஷெட்டியே அவன் முன்னால் கைகட்டி நிற்பார். மறுநாள், "ஏய் லோகு, ஏணிய எடு" என்பார்.

பவ்யாவுக்கு ஏழு வயதில் வேறொன்று தொடங்கியது. பிள்ளைகளோடு சேர மாட்டாள். சுவரைப் பார்த்துப் பேசுவாள். கேட்டால், "நெட்டையன் கூப்பிடறான்ப்பா" என்பாள். என் மனைவி குசுமா கஞ்சி ஊற்றி வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு, "இது அம்மா இல்ல, அம்மா மாதிரி வந்திருக்கு" என்பாள். குசுமா அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். பள்ளிக்கூட டீச்சர் இரண்டு தடவை சொல்லிவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ சேசப்பா என்று. தலையாட்டினேன். போகவில்லை.

ஊர் வேறு சொல்லிற்று. ஒருநாள் பவ்யா "மாடு பள்ளத்துல நிக்குது" என்றாள். பக்கத்து வீட்டில் காணாமல் போன மாடு பள்ளத்தில்தான் நின்றது. எங்கள் ஊரில் எந்த மாடு தொலைந்தாலும் பள்ளத்தில்தான் நிற்கும். அதை யார் யோசித்தார்கள்? தேங்காயும் வெற்றிலையும் கொண்டுவந்து குழந்தை முன்னால் உட்கார்ந்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அந்த மாசியில் ஷெட்டியின் களத்திலிருந்து இரண்டு மூட்டை மிளகு காணாமல் போயிற்று. கணக்கு நோட்டோடு அவரே என் வீட்டுக்கு வந்தார். காரியம் ஆக வேண்டுமென்றால் யாரையும் 'மாராயா' என்பார், மகராசா என்பதுபோல.

"ஒம் மக சொல்லட்டும் மாராயா. யாருன்னு சொல்லிட்டா ஒன் கடனை அடிச்சிடறேன்."

"குழந்தை, ஷெட்ரே..."

"குழந்தையா பேசுது? பேசறது யாருன்னு ஊருக்கே தெரியும்."

பவ்யா சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காது கொடுத்தாள். "லோகு மாமா" என்றாள்.

வெளியாட்களில் அவள் வாயில் வரும் ஒரே பெயர் அது. வரும்போதெல்லாம் அவளுக்குக் கடலை மிட்டாய் கொண்டுவருகிறவன் அவன். இது எனக்குத் தெரியும். ஆனாலும் ஷெட்டி என் கணக்கின் மேல் கோடு போட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் லோகய்யாவுக்கு வேலை இல்லை. திருடன் காலில் சிலம்பா என்று அந்த மாசத்து ஆட்டமும் அவனுக்கு இல்லை என்றார்கள்.

மூன்றாம் நாள் அவன் வந்தான். வெட்டப் போகிறான் என்று நினைத்தேன். மிட்டாயை பவ்யாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஏண்டா, நான் எடுத்தேனா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் பேசல? வாயில பாக்கு அடைச்சிருந்துச்சா?"

அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சரி விடு. இதைக் கேளு. எனக்குத் தெய்வம் ஏறும். கூப்பிட்டா வரும், சிலம்பைக் கழட்டினா போயிடும். நான் வீட்டுக்குப் போயி மீன் குழம்பு ஊத்திச் சாப்பிடுவேன். இவளுக்கு எதடா கழட்டுவ? பயந்து கெடக்கறாடா புள்ள. இருபது வருசமா ஏறி எறங்கினவன் சொல்றேன். இது அது இல்ல."

அன்றே ஷெட்டியிடம் போனேன்.

"அடிச்ச கணக்கை மறுபடி எழுதுங்க ஷெட்ரே. அது தெய்வ வாக்கு இல்ல. எம் மகளுக்கு ஒடம்பு சரியில்ல."

"ஒனக்குத்தான் பைத்தியம். போன கடனை எவனாவது கூப்பிடுவானா?"

"மழைக்காலம் பூரா பாக்கு மரத்துக்கு மருந்தடிச்சுக் கூலில கழிச்சிடறேன். லோகுவை வேலைக்குக் கூப்பிடுங்க."

நாலு பேர் முன்னாலும் சொன்னேன். தெய்வத்தை நோய் என்று சொன்னவன் என்று ஊர் என்னைத் திட்டியது. எட்டு நாளில் லோகய்யாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். நியாயம் பார்த்து அல்ல, அவனைப் போல் மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை.

மூன்று பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா, அவள் எப்போது நடந்தாள் என்பதிலிருந்து எல்லாம் கேட்டார்.

"இப்பவே நோய்க்குப் பேர் சொல்ல முடியாதுங்க. இந்த வயசுல சில பிள்ளைங்களுக்கு இப்படி வந்து தானா போயிடும். சிலருக்கு வளர்ந்தப்புறம் பெரிய நோயா திரும்பும். இவ எந்தப் பக்கம்னு இன்னிக்கே சொன்னா அது பொய்."

"மூணு பஸ் மாறி வந்தது இதைக் கேக்கவா டாக்டரம்மா?"

"கோபப்படுங்க, பரவால்ல. ஆனா மாசாமாசம் கூட்டிட்டு வாங்க. என்ன பேசினா, சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு தினம் எழுதிட்டு வாங்க."

கைநாட்டுக்காரனிடம் எழுதிக்கொண்டு வா என்கிறார்! யாரிடம் சண்டை போடுவது? நாற்பத்திரண்டு வயதில் பஞ்சாயத்து ஆபீஸ் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். மரத்துக்கு அடிக்கிற மயில்துத்த மருந்து ஏறி நீலமான விரல்களில் பென்சில் நிற்காது. நான் முதலில் எழுதிய வரி, 'இன்று கஞ்சி குடித்தாள்.' அடுத்த நாள், 'இன்று குடிக்கவில்லை.' அப்படியேதான் போகிறது, ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி.

மழை முழுக்கப் பாதிக் கூலி கடனுக்குப் போயிற்று. ஆவணியில் கடைசி மரத்துக்கு மருந்தடித்துவிட்டு இறங்கினேன். ஷெட்டி நோட்டைத் திறந்து மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் நோட்டை இழுத்துப் படித்தேன். மாசியில் அடித்த கோடு, அதற்குக் கீழே மறுபடி எழுதிய ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது, வாராவாரம் கழித்தது, கடைசியில் சைபர்.

"மக எப்படியிருக்கா?" என்றார் ஷெட்டி.

"பாத்துட்டிருக்கோம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த மிளகு... சும்மா ஒரு தடவை கேட்டுப் பாரேன் மாராயா."

நான் மைப்பெட்டியைத் தள்ளி வைத்தேன். அவருடைய பேனாவை எடுத்து, என் கையாலேயே கோட்டை இழுத்து, கீழே என் பெயரை எழுதினேன்.