ஒரே ஒரு குப்பி

தவறான கைக்குப் போனால் போதையாகிவிடும் மருந்துகளை வைக்கும் அலமாரி அது. அதற்கு மென்பொருள் எழுதுவது அவள் வேலை. இரண்டு பேர் விரல் வைத்தால்தான் கதவு திறக்க வேண்டும் என்றார் மருந்தாளர். திருடிய ஊசியால் தன் உதவியாளரே செத்துக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். ஒரே ஆள் ஐந்து நொடியில் திறக்க முடிய வேண்டும் என்றாள் அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ். மேலாளரிடம் கேட்டால், "ரெண்டையும் எப்படியாவது சேத்துடும்மா" என்று நழுவினார்.

அவள் இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்தாள்: இரண்டு விரல் வேண்டும், ஆள் இல்லையென்றால் அறுபது நொடி காத்திருந்தபின் ஒரு விரல் போதும்.

சோதனையின் மூன்றாம் நாள் காலை, வலிப்பில் வெட்டி வெட்டி இழுக்கும் சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார் ஓர் அப்பா. இரண்டாவது விரல் வைக்க வேண்டிய நர்ஸ் அறுவை அரங்கில் இருந்தாள். தலைமை நர்ஸ் விரல் வைத்தாள். திரையில் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு...

"தொறக்கச் சொல்லுடி!" என்று, சோதனையைப் பார்க்க வந்திருந்த அவளிடம் கத்தினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் ஆகும்..."

"அவ உதடு நீலமாகுது, பாரு!"

நாற்பத்தாறில், சோதனைக்கென்று பதிந்து வைத்திருந்த தன் விரலை அவளே வைத்தாள். கதவு முழுதாகத் திறந்தது. நர்ஸ் ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளும் பின்னாலேயே ஓடினாள். ஊசி இறங்கி, சிறுமியின் கைகால் மெல்லத் தளர்ந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்தபோது, ஆவென்று திறந்து கிடந்த அலமாரிமுன் மருந்தாளர் நின்றிருந்தார்.

"ரெண்டு குறையுது. தலைமை நர்ஸ் எடுத்தது ஒண்ணு. இன்னொண்ணு எங்க?"

அவள் திறந்து கிடந்த கதவைச் சாத்தினாள்.

மதியம் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தாள். "அக்கா, அவசரத்துல உங்களுக்கு எத்தனை குப்பி வேணும்?"

"ஒண்ணு. அடுத்தது வேணும்ங்கறதுக்குள்ள ரெண்டாவது ஆள் வந்துரும்."

"சார், ஒண்ணு போனா பரவாயில்லையா?"

"எடுத்தது யாருன்னு தெரிஞ்சா பரவாயில்ல."

இத்தனை நாள் கதவைப் பற்றியே சண்டை போட்டிருந்தார்கள். இனி ஒரு விரலுக்கு ஒரு குப்பி மட்டும் கீழ்த்தட்டில் விழும். எடுத்தவர் பெயர் பதியும். கதவு மூடியே இருக்கும். இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அறிக்கையில் "பயிற்சிக் குறைபாடு" என்று போட்டுவிடச் சொன்னார் மேலாளர். அவள், "அனுமதியில்லாமல் விரல் வைத்தது நான்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

காணாமல்போன குப்பி கடைசிவரை கிடைக்கவில்லை.