தலைவியின் சிவப்பு மெத்தை

குடியிருப்பு மகளிர் சங்கத் தலைவி எங்கே போனாலும் அவருடன் ஒரு சிவப்பு மெத்தையும் போகும். நாற்காலியில் போட்டு உட்காரும் சின்ன மெத்தை. வெல்வெட் உறை, பின்பக்கம் ஜிப். கூட்டம் தொடங்குமுன் அதைத் தட்டி, திருப்பி, நாற்காலியின் நடுவில் வைத்து, மேலே பதமாக அமர்வார். "மகாராணி ஏறியாச்சு, இனிமே ஆரம்பிக்கலாம்" என்று பொருளாளர் பக்கத்திலிருப்பவர் காதில் ஓதுவார். தலைவியின் காதிலும் அது விழும். விழட்டும் என்று விட்டுவிடுவார். பெருமைக்குத் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்று நாலு பேர் நினைப்பது, எதற்குத் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்று நாலு பேர் அறிவதைவிட எவ்வளவோ தேவலாம்.

வெல்வெட்டுக்குக் கீழே, பஞ்சுக்கு மேலே, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருந்தது.

கடைசிப் பிரசவத்தோடு இடுப்படித் தசைகள் பிடியை விட்டிருந்தன. தும்மினால் நனையும். இருமினால் நனையும். சிரித்தாலும் நனைந்ததால் தலைவி சிரிப்பதையே விட்டுவிட்டார். சங்கத்தில் அதற்குக் கம்பீரம் என்று பெயர். பிறகொரு நாள் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. கருப்பை இறங்கி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பயந்துபோய் நகரத்தின் மறுகோடியில் ஒரு மருத்துவமனையைப் பிடித்தார். கவுன்டரில் பெயர் கேட்டார்கள். 'பெண்ணே, உன் உடம்புக்காக நீ ஏன் வெட்கப்பட வேண்டும்?' என்று குடியிருப்பின் ஒவ்வொரு மாடியிலும் தன் படத்தோடு நோட்டீஸ் ஒட்டியிருந்த அந்த அம்மையாருக்குத் தன் பெயர் மட்டும் வாயில் வரவில்லை. நாத்தனார் பெயர் வந்தது. வீட்டு விலாசத்தோடு அதையே கொடுத்தார். கருப்பையைத் தாங்கிப் பிடிக்க டாக்டரம்மா ஒரு ரப்பர் வளையம் வைத்து அனுப்பினார். ரெக்கார்டில் அந்த வளையம், இன்னும் கல்யாணம் ஆகாத நாத்தனாரின் வளையமாகப் பதிவாயிற்று.

அதோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. பெண்கள் நலக் கூட்டத்துக்கு டாக்டரை ஏற்பாடு செய்யும் வேலையைப் பொருளாளர் எடுத்துக்கொண்டார். கூட்டத்தன்று சாயங்காலம் தலைவி மைக்கில், "வெட்கத்தைத் தூக்கி எறியுங்கள், சகோதரிகளே" என்று முழங்கிக்கொண்டிருந்தபோது சிறப்பு விருந்தினர் உள்ளே வந்தார். தலைவி தூக்கிய கை அப்படியே நின்றது. அதே டாக்டரம்மா. டாக்டர் மேடைக்குப் பின்னாலிருந்த பேனரைப் படித்தார், தலைவியின் முகத்தைப் பார்த்தார், கும்பிட்டார்.

"உங்க பேரை இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கறேன்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாக்டர் அரைமணி நேரம் பேசினார். கருப்பை இறங்குவதும், சிறுநீர் கசிவதும், மாதவிலக்கில் அளவுக்கு மீறிப் போவதும் ஜலதோஷம் மாதிரி பலருக்கும் வருகிற தொந்தரவுகள்தான். பொறுத்துக்கொள்வதற்காக யாரும் விருது தரப்போவதில்லை என்றார். தலைவி மெத்தையில் ஆடாமல் அசையாமல் அமர்ந்து, எல்லோருக்கும் முந்தித் தலையாட்டினார்.

பேச்சு முடிந்ததும் ஓரத்தில் மேஜை போட்டார்கள். பெயர் பதிவதற்கு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் கம்ப்யூட்டரோடு வந்திருந்தாள். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவள், நல்ல குரல்வளம். வரிசையில் முதல் ஆளாக எழுந்து போனவள் நாத்தனார். தபால் ஆபீஸில் வேலை, மூன்றாவது மாடியில் தனி வீடு, அதிகம் பேசாதவள். தலைவி பதறி மேஜைக்குப் பக்கத்தில் போய், பூங்கொத்தைச் சரிசெய்வதுபோல நின்றார்.

நாத்தனார் பெயரைச் சொன்னாள். பெண் தட்டிப் பார்த்தாள்.

"அட, நீங்க ஏற்கெனவே நம்ம பேஷன்ட்தான். வளையம் மாத்த வரச்சொன்னோமே, ஏன் வரல?"

"என்ன வளையம்?"

"கருப்பை இறங்கினதுக்கு வெச்சது. மூணும் சுகப்பிரசவம்னு போட்டிருக்கு. மூணு பேரும் நல்லா இருக்காங்களா?"

கூடத்திலிருந்த தலைகள் எல்லாம் மேஜைப் பக்கம் திரும்பின. நாத்தனார் மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைவி பூங்கொத்திலிருந்து வாடிய இலை ஒன்றைக் கவனமாகக் கிள்ளி எடுத்தார்.

"அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் நடந்தாள்.

நன்றியுரையில் தலைவி எல்லோருக்கும் நன்றி சொன்னார். நாற்காலி கொடுத்த கடைக்காரருக்குச் சொன்னார், மின்சாரத்துக்குச் சொன்னார். குரல் ஒரே சீராக வந்தது. அப்படி வந்ததுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது. டாக்டரை வழியனுப்பிவிட்டு, மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தால், லிஃப்ட் முன்னால் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி, உலகத்துல வேற பேரே கிடைக்கலையா?"

"சட்டுனு வாயில வந்துடுச்சும்மா."

"மூணு பெத்திருக்கேன், எனக்கே தெரியாம. ஒண்ணையாவது கண்ணுல காட்டியிருக்கலாம்."

"மெதுவா பேசு."

"நான் என்ன மைக்லயா பேசறேன்? மாசாமாசம் கொட்டோ கொட்டுனு கொட்டுது. ஆபீஸ்ல ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். இன்னைக்கு நீங்க பேசினதை நம்பித்தான் எழுந்து போனேன்."

லிஃப்ட் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

கூடத்துக்குள் நாற்காலிகளை அடுக்கும் சத்தத்தோடு பொருளாளரின் குரலும் வந்தது. "ஊமை மாதிரி இருந்துட்டு மூணு! எந்த ஊர்ல விட்டு வெச்சிருக்காளோ." பொருளாளரின் மருமகளும் அதே தபால் ஆபீஸ்தான். விடிந்தால் செய்தி முத்திரை குத்தி அங்கே பட்டுவாடா ஆகிவிடும்.

தலைவி திரும்பி உள்ளே போனார். மைக்கைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

"அந்த வளையம் என்னுது" என்றார். மைக் இல்லாமல் அவர் குரல் இவ்வளவு சின்னது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "என் பேரைச் சொல்ல வெட்கப்பட்டு அவ பேரைக் குடுத்துட்டேன்."

எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். செயலாளரின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா? நாத்தனார் மானத்தைக் காப்பாத்த, பழியைத் தன் தலையில போட்டுக்கறாங்க. எந்த அண்ணி செய்வா?"

"அதான் தலைவி" என்றார் இன்னொருவர். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள்.

தலைவி வாழ்நாளெல்லாம் கேட்க ஆசைப்பட்ட கைதட்டல். கன்னத்தில் அறைவதுபோல இருந்தது. சும்மா நின்றால் போதும். இதற்கும் சேர்த்து அடுத்த ஆண்டுவிழாவில் ஒரு கேடயம் கொடுப்பார்கள். அவர் மெத்தையை நாற்காலியில் வைத்து ஜிப்பை இழுத்தார். விரிப்பை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். கழுவிக் கழுவி வெளுத்த விரிப்பு. ஓரத்தில் மஞ்சள் கறை.

"நீங்க சொல்ற மகாராணி சிம்மாசனம் இதுதான்" என்றார். "தும்மினா தாங்கறதில்ல. அதுக்குத்தான்."

கைதட்டல் பாதியில் செத்தது. செயலாளர் தரையைப் பார்த்தார். தலைவியின் காது மடல்கள் எரிந்தன. பொருளாளர் கிட்டே வந்து, துணிக்கடையில் பார்ப்பதுபோல அதன் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது சத்தம் போடாதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "என்னோடது உட்கார்ந்தா சரசரங்குது."

தலைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வழக்கம்போல நனைந்தது.

"மூணும் என்னுது, வளையமும் என்னுது. உங்க மருமககிட்ட அப்படியே சொல்லிடுங்க."

"நான் எதுக்கு சொல்லப் போறேன்?"

"நீங்க சொல்லாம இருக்க மாட்டீங்க. சரியா சொல்லுங்க, அது போதும்."

மூன்றாவது மாடியில் கதவு பாதிதான் திறந்தது. நாத்தனாரின் பார்வை, ஜிப் திறந்து பஞ்சு தெரிந்த மெத்தையின்மேல் விழுந்தது.

"யார்கிட்ட காட்டினீங்க?"

"எல்லார்கிட்டயும்."

நாத்தனார் கதவை மூடவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை. தலைவி மெத்தையைக் கட்டிப் பிடித்தபடி, திட்டு வாங்கப்போகிற பிள்ளைபோல நின்றார்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட போறேன்" என்றாள் கடைசியில்.

"நானும் வரவா?"

"வாங்க. கவுன்டர்ல முதல்ல நீங்க பேசணும். உங்க பேரை, எனக்குக் கேட்கற மாதிரி."