பெயர் எழுதிய சாவி

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நிரல் நூலகத்தின் பெயர் நியூத்தி. எங்கள் பின்லாந்துப் பேச்சில் சின்ன மூட்டை என்று அர்த்தம். ஜாவா என்கிற நிரல்மொழியில் எழுதியது. பெரிய தகவலைச் சுருக்கி மூட்டையாகக் கட்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் அவிழ்க்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வங்கி, ரயில், மருத்துவமனை என்று எங்கெங்கோ ஓடுகிறது. தாம்பெரேயில் படித்த காலத்தில் நானும் நண்பன் துவோமோவும் அதைத் தொடங்கினோம். பிறகு எஸ்தோனியாவிலிருந்து உர்மாஸ் சேர்ந்தான். எத்தனையோ பேர் கைகொடுத்தாலும் பொறுப்பு எங்கள் மூவருக்குத்தான்.

நியூத்தியில் ஒரு பகுதிக்கு ‘உள்ளே’ என்றே பெயர் வைத்திருந்தோம். வெளியாட்கள் தொடக்கூடாத சாமான்கள் அங்கே இருந்தன. பழைய ஜாவாவில் அதற்குக் கதவு கிடையாது. ‘தயவுசெய்து வராதீர்கள்’ என்று ஒரு பலகை மட்டும் மாட்டி வைக்கலாம். பலகையைப் படித்துவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள்.

பிறகு ஜாவாவில் மாட்யூல் முறை வந்தது. எது வெளியாருக்கு, எது நமக்கு மட்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவிட வேண்டும். எழுதாத இடத்துக்குள் எவனும் நுழைய முடியாது. நியூத்தியை அந்த முறைக்கு மாற்ற எங்களுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்க மாட்யூல் முறை விடாது. எனவே பல வருஷமாகச் சிதறிக் கிடந்ததையெல்லாம் தேடித்தேடி ஓரிடத்தில் சேர்த்தோம்.

அப்போதுதான் அது தெரிய வந்தது. துவோமோ ஹெல்சிங்கியில் வேலை பார்க்கும் நிறுவனம் எங்கள் உள்ளறையை எட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. தன்னுடைய கோப்புகளுக்கும் ‘உள்ளே’ என்ற எங்கள் பெயரையே வைத்து, வீட்டு ஆள் மாதிரி குடியேறியிருந்தது. புதிய நியூத்தி வெளிவந்தால் அவர்கள் நிரல் எழுந்திருக்கவே மறுக்கும். அவர்கள் ஒரு சலுகை கேட்டார்கள். பெயரை மாற்றிக்கொள்கிறோம், ஆனால் அந்த அறையை எங்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள் என்றார்கள். மாட்யூல் முறையில் அதற்கும் வழி உண்டு. ‘இந்த அறை இன்னாருக்கு மட்டும்’ என்று பெயர் சொல்லி ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

வசந்தத்திலேயே நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். “சரி விடு, கோடைக்கு அப்புறம் பாப்போம்” என்றான் துவோமோ. நானும் விட்டேன்.

எங்கள் குழுவின் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு மாற்றத்தை மின்னஞ்சலில் எல்லோர் முன்னும் வைப்பார். மூன்று நாள் யாரும் மறுக்காவிட்டால் அது சம்மதம். மூவரில் ஒருவர் மறுத்தால் போதும், மாற்றம் நின்றுவிடும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் எழுத வேண்டும். காரணமில்லாத மறுப்பு செல்லாது. இதை எழுதியவள் நான்தான். நாங்கள் மூவருமே கேட்டால்கூட வாய் திறக்காத ரகம் என்பதால், மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல் எந்த வேலையும் நகராது.

அந்த வருஷ யூஹன்னுஸ் என்கிற நடுக்கோடைப் பண்டிகைக்குத் துவோமோவின் மனைவி சிர்க்கு என்னை ஏரி நடுவில் இருந்த தங்கள் தீவுக்குக் கூப்பிட்டாள். புதன்கிழமையே போய்விட்டோம். தீவில் போன் எடுக்காது. வெள்ளிக்கிழமை கரையில் நெருப்பு மூட்டினோம், தொத்திறைச்சி சுட்டோம், கொசுவைத் திட்டினோம். சனிக்கிழமை மதியம் நானும் சிர்க்குவும் படித்துறையில் உட்கார்ந்து புது உருளைக்கிழங்கைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

“இந்த வருஷந்தான் மனுஷன் நிம்மதியா இருக்கான். போன வருஷம் போனைத் தூக்கிக்கிட்டு சிக்னலுக்காகப் பாறை பாறையா ஏறினான்,” என்றாள் சிர்க்கு.

“இப்ப என்ன ஆச்சாம்?”

“ஏதோ ஒரு வரியாம். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் எவனும் வாயைத் திறக்கலேன்னா வேலை முடிஞ்சுதாம். யூஹன்னுஸ்ல நம்ம நாட்டுல பியர் குடிக்கத் தவிர எவன் வாயைத் திறப்பான்னு கேட்டேன். சிரிச்சான்.”

என் கையிலிருந்த கிழங்கு தண்ணீரில் விழுந்தது. “எந்த வரி?”

“எனக்கென்ன தெரியும்? உனக்குத் தெரியும்னானே.”

துவோமோ சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் கோடாலியைக் கட்டையிலேயே விட்டுவிட்டான்.

“புதன்கிழமை படகுல சாமான் ஏத்தும்போது போன்ல என்னமோ தட்டிட்டு இருந்தியே, அதுதானா?”

“அதான். ஒளிச்சு ஒண்ணும் செய்யலையே, மெர்வி. எல்லாருக்கும் போச்சு. உனக்கும் போச்சு.”

“எனக்கு எப்படிப் போகும்? அடுத்த நிமிஷம் என்னைத் தண்ணிக்கு நடுவுல கொண்டுவந்துட்ட. வழி முழுக்க கொசு மருந்தைப் பத்திப் பேசின. இதைப் பேச வாய் வரலையா?”

“மூணு நாள்னு நீதான் எழுதின.”

“ஆமா, நான்தான் எழுதினேன். ஆளைத் தீவுல உக்கார வெச்சுட்டுச் சம்மதம் வாங்கலாம்னு எங்க எழுதியிருக்கேன்?”

“கூடாதுன்னும் எழுதலையே.”

சொல்லிவிட்டு அவனே வேறு பக்கம் பார்த்தான். அந்தப் பதில் அவனுக்கே பிடிக்கவில்லை.

“ஒரே ஒரு வரி, மெர்வி. உனக்கு என்ன குறைஞ்சு போகுது? அதைப் போட்டா என்னை முழு நேரமும் நியூத்தி வேலைக்கே விடுறாங்க. போடலேன்னா அந்தப் பக்கமே போகாதேம்பாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா எவ்வளவு நாள் நீ தனியா இழுப்ப?”

“இழுப்பேன்.”

“இது வெறும் கோபம். கோபத்தைக் காரணம்னு எழுதினா செல்லாது. அதுவும் நீ எழுதினதுதான்.”

“சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. கரைக்குப் போறேன்.”

“காத்து எதிர்ல அடிக்குது.”

“ஏன், காத்தும் உங்க நிறுவனத்தோடதா?”

மோட்டார் படகின் சாவியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். அதனாலேயே கேட்கவில்லை. துடுப்புப் படகை அவிழ்த்தேன். அதற்குள் சிர்க்கு பிரஷ்ஷும் கையுமாக வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“துவோமோ, இங்க பாரு. இவளைக் கூப்பிடு, பாவம் தனியா இருப்பான்னு என்னைத்தானே போன் பண்ணச் சொன்ன?”

பின்னாலேயே வந்திருந்த துவோமோ குனிந்து, நான் அவிழ்த்த கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் போட்டான்.

“இவ வாயைக் கட்டவா நான் ருபார்ப் கேக் சுட்டேன்?” பிரஷ்ஷை அவன் கையில் திணித்தாள். “மீதிக் கிழங்கை நீ தேய்.” ஏப்ரனோடு படகில் ஏறி ஒரு துடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

காற்று நிஜமாகவே எதிரில்தான் அடித்தது. கொஞ்ச தூரம் வலித்தோம். பிறகு சிர்க்கு கேட்டாள். “இப்ப ஒழுங்காச் சொல்லு. அந்த வரியில அப்படி என்ன இருக்கு? இல்ல, உன் கௌரவம்தானா?”

கௌரவமும் இருந்தது. ஆனால் மறுப்பில் அதை எழுத முடியாது. எழுத வேண்டியதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

“ஒவ்வொரு மூட்டை கட்டவும் நியூத்தி ஒரு தட்டு எடுத்துக்கும். வேலை முடிஞ்சதும் அதைக் கழுவாமலே அடுத்த மூட்டைக்குக் கொடுத்துரும். வேகத்துக்காக நாங்க சின்ன வயசுல செஞ்ச வேலை. சில நேரம் முந்தின ஆள் வெச்ச மிச்சம் அடுத்தவன் தட்டுல வந்துரும்.”

“ஐயே!”

“மிச்சம்னா ஒருத்தரோட ரத்தப் பரிசோதனை முடிவா இருக்கலாம். எங்க முன்வாசல் வழியா வர்றவங்களுக்கு அது தெரியாதபடி ஒட்டுப் போட்டு வெச்சிருக்கோம். இவங்க உள்ள புகுந்து நேரா தட்டையே எடுக்குறாங்க.”

“அப்பக் கழுவ வேண்டியதுதானே?”

“கழுவணும்னா அந்த அறையை இடிச்சுக் கட்டணும். இவங்க பேரை எழுதிச் சாவி கொடுத்துட்டா ஒரு ஆணியைப் பிடுங்கவும் இவங்களைக் கேக்கணும். ஒரு தடவை திறந்து வெளியிட்டதை மூட மாட்டோம்னு ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்திருக்கோம். அப்புறம் எந்தக் காலத்திலயும் இடிக்க முடியாது.”

சிர்க்கு எஸ்போவில் அடுக்குமாடிக் கட்டிடங்களை நிர்வகிப்பவள். “ஆளுங்களை உள்ள வெச்சுக்கிட்டுக் குழாய் மாத்துற கொடுமை எனக்குத் தெரியும்,” என்றாள். “வலி, வலி. பேசுற சாக்குல நிறுத்திட்ட.”

கரை நெருங்கும்போதே போன் உயிர்பெற்று அதிர ஆரம்பித்தது. துவோமோவின் முன்மொழிவு இருந்தது. அதன் கீழே உர்மாஸ் ‘எனக்குச் சரி’ என்று எழுதியிருந்தான். படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து எழுதினேன்.

‘மறுக்கிறேன். இந்தப் பகுதியில் ஒருவரின் தகவல் இன்னொருவருக்குக் கசியும் குறை இருக்கிறது. அதைத் தீர்க்கப் பகுதி முழுவதையும் மாற்றி எழுத வேண்டும். எவருக்கேனும் பெயர் சொல்லித் திறந்துவிட்டால் அப்படி மாற்றும் உரிமையை இழப்போம். குறையை முதலில் கண்டுபிடித்து விளக்கியவர் துவோமோ. அவர் எழுதிய குறிப்பு இன்னும் தீராமல் பதிவில் இருக்கிறது. நிறுவனத்துக்கு என்ன வேண்டும் என்பதைத் தயவுசெய்து பொதுவில் எழுதட்டும். நியாயமாக இருந்தால் முன்வாசலில் எல்லோருக்கும் சேர்த்துச் செய்து தருவோம்.’

சிர்க்கு என் தோளுக்கு மேலாகப் படித்தாள். “தயவுசெய்துன்னு போட்டிருக்க.”

“பழக்கம்.”

“எடு.”

எடுத்தேன். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் உர்மாஸ் கூப்பிட்டான். பின்னால் யாரோ அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“மெர்வி, நிஜமாவா? நகல் எடுத்துக்கிட்டுத் தனியாப் போயிடுவாங்க, பாத்துக்கோ.”

“போகட்டும். உரிமம் அதுக்குத்தானே இருக்கு. நியூத்திங்கற பேரை மட்டும் விட்டுட்டுப் போகணும்.”

“நான் சரின்னு எழுதிட்டேனே.”

“எழுதினது அப்படியே இருக்கட்டும். நிறுத்துறதுக்கு ஒரு மறுப்பு போதும்.”

“உன்னோட சண்டை போடுறது உன்னோட ஒத்துப்போறதைவிடச் சுலபம்,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வந்து விட்டது. சௌனாப் படியில் துவோமோ உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கிழங்கு சுத்தமாகத் தேய்த்து வைத்திருந்தது.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்.”

“காரணம்?”

போனிலிருந்து வாசித்துக் காட்டினேன். கசிவு என்று வந்ததும் தலையைத் தூக்கினான்.

“அது நான் கண்டுபிடிச்சது.”

“ஆமா. உன் பேரையும் போட்டிருக்கேன்.”

ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “திங்கக்கிழமை கூப்பிட்டுக் கேப்பாங்க. நான் என்ன சொல்ல?”

“காரணம் சரியா தப்பான்னு சொல்லு. அவ்வளவுதான்.”

“திரும்ப வாங்கிக்க மாட்டியா? எனக்காக?”

அப்படி அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. தாம்பெரேயில் சூடேறாத அறையில் என்னோடு ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்த ஆள். இருந்தாலும் ‘மாட்டேன்’ என்றேன்.

ஜூலையில் அவனுடைய மேலாளர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“சும்மா விருப்பத்துக்கு வேலை செய்யற ஒருத்தர் எங்க நிறுவனத்தையே நிறுத்தி வைக்கறது முறையா?”

“உங்களை நான் நிறுத்தலைங்க. பழைய நியூத்தி அப்படியே இருக்கு, ஓட்டிக்கோங்க. புதுசுல உள்ளறைக்கு வழி கிடையாது.”

“நாங்க தனி நகல் எடுத்துக்குவோம்.”

“எடுத்துக்கோங்க.”

“துவோமோவையும் அந்த நகல் வேலைக்கு மாத்திடுவோம்.”

அப்போதும் மறுப்பை நான் எடுக்கவில்லை.

ஆகஸ்டில் நியூத்தியின் புதிய பதிப்பு மாட்யூலாக வெளிவந்தது. உள்ளறைக்கு எவர் பெயரும் எழுதவில்லை. முதல் வாரம் வசவு கொட்டியது. ‘பத்து வருஷமாக நுழைந்த இடம்’ என்று ஒருவர் எழுதினார். பத்து வருஷமாகப் பலகையும் இருந்ததே என்று பதில் எழுதினேன். உர்மாஸ் எங்கள் குழுவில் புதிதாக ஒரு ஆளை அழைத்துவந்து சேர்த்தான். முன்வாசலில் நியாயமாகக் கேட்ட இரண்டு விஷயங்களைச் செய்து கொடுத்தோம். நிறுவனம் எதையும் கேட்கவில்லை. சொன்னபடி வேறு பெயரில் நகல் எடுத்துக்கொண்டது. துவோமோ அதற்குப் போனான்.

செப்டம்பரில் அறையை இடித்தேன். யாரையும் கேட்கவில்லை. புதிதாக எழுதி எல்லோர் பார்வைக்கும் வைத்த மறுநாள் துவோமோவிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. வணக்கம்கூட இல்லை. ‘மூட்டை கட்டும்போது பாதியில் பிழை வந்து நின்றால் தட்டு கழுவப்படவில்லை. பார்.’

பார்த்தேன். சரிதான். திருத்தினேன். அவன் பெயரைப் போட்டு நன்றி எழுதினேன். இந்தத் திருத்தத்தை உங்கள் நகலுக்கும் தாராளமாக எடுத்துக்கொள் என்று சேர்த்தேன்.

அன்று சாயங்காலமே போன் செய்தான். யூஹன்னுஸுக்குப் பிறகு அப்போதுதான் அவன் குரலைக் கேட்டேன்.

“எடுக்க முடியாது, மெர்வி. எங்க ஆளுங்க இன்னும் அந்த அறைக்குள்ளதான் உக்காந்திருக்காங்க. ஒரு ஆணியைத் தொட்டாலும் மூணு பிரிவுலேர்ந்து கத்துறாங்க. இப்ப இன்னும் ரெண்டு பிரிவுக்குச் சாவி கொடுக்கணுமாம். நாளைக்குக் கூட்டம்.”

“அங்க மறுக்கிற உரிமை உனக்கு இருக்கா?”

“உங்க சட்டத்தைத்தான் காப்பி அடிச்சோம். இருக்கு.”

“அப்புறம் என்ன?”

விசைப்பலகையின் சத்தம்தான் கேட்டது.

“என்னடா பண்ற?”

“இரு. காரணம் எழுதிக்கிட்டு இருக்கேன்.”