மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் டார்கெட்

என் கணக்கை முடக்கியவன் அமெரிக்காக்காரன். முடக்க வைத்தவர் என்னைப் பெற்றவர். இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதனால் இரண்டு பேரையும் திட்டுகிறேன்.

2008. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா என்பது அப்பாவின் வார்த்தை; வீட்டில் அவர் எனக்கு நைனா. உண்மையில் நான் ஒரு வெப்சைட் நடத்திக்கொண்டிருந்தேன். சிப்காட்டில் எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, எந்தக் காண்ட்ராக்டர் வாயிலேயே வடை சுடுகிறவன், எந்தக் கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். தமிழில் எழுதினால் விளம்பரம் வராது என்பதால் என் ஓட்டை இங்கிலீஷில் எழுதினேன். பக்கத்தின் ஓரத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனி விளம்பரம் போடும். படிக்க வருகிறவர் அதைக் கிளிக் செய்தால், விளம்பரம் கொடுத்தவன் காசு கொடுப்பான்; அதில் எனக்கும் ஒரு பங்கு. நூறு டாலர் சேர்ந்தால் வீட்டுக்கு செக் வரும்.

நைனா பாக்கியநாதன் ரோலிங் மில்லில் லைன் லீடர், ஆட்களை நிறுத்தி வேலை வாங்குகிறவர். அவருக்கு இது எதுவும் பிடிபடவில்லை. கெடு வைத்தார். கிறிஸ்மஸுக்குள் நூறு டாலர் சேர்ந்தால் என் இஷ்டம். சேராவிட்டால் ஜனவரியில் பிஸ்கட் கம்பெனி பேக்கிங் செக்‌ஷன். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே டப்பா ஒட்டவா மூன்று வருஷம் படித்தேன்? பார்த்துவிடலாம் என்றேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். அவருக்குப் புரியட்டும் என்று சலாஹுதீன் பாயின் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போய், விளம்பரத்தைக் காட்டி, ஆட்கள் இதை அமுக்கினால்தான் காசு என்று விளக்கித் தொலைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

அக்டோபர் வரை நொண்டிக்கொண்டிருந்த பக்கம் நவம்பரில் எகிற ஆரம்பித்தது. எல்லாம் என் எழுத்துக்குச் சேர்ந்த கூட்டம் என்று நம்பினேன். கேன்டீன் சாம்பாரைப் பற்றி இரண்டாம் பாகமே எழுதினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் ஒன்பதாம் தேதி, தொண்ணூற்றாறு டாலரில் நிற்கும்போது மெயில் வந்தது. சந்தேகப்படும்படியான கிளிக்குகள், கணக்கு முடக்கப்பட்டது, சேர்ந்த பணம் விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திரும்பப் போகும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. யார், எப்போது வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தேன். அத்தனை கிளிக்கும் ஒரே இடத்திலிருந்து, பாயின் சென்டரிலிருந்து. காலை ஆறேகால், மதியம் இரண்டேகால். சிப்காட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், அது ஷிப்ட் விட்டு பஸ் வரும் நேரம்.

பாயிடம் போய்க் கத்தினேன். அவர் வாசலைக் காட்டினார். மணி இரண்டேகால். கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலச் சட்டைக்காரர்கள் இருபது பேர் இறங்கி, மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். வரிசையின் ஓரத்தில் நின்று ஆள் மாற்றிக்கொண்டிருந்தவர் என் நைனா. விளம்பரம் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. முதல் ஆள் மௌஸைப் பிடித்தபடி நைனாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நைனா, இன்னா பண்ணி வச்சிருக்க?"

"டார்கெட்டு போட்டேன். ஆளுக்கு அஞ்சு. நீதான அமுக்குனா காசுன்ன?"

ஒரு மாதமாக நடக்கிறதாம். பாய் இதற்குக் காசே வாங்கவில்லையாம். பிஸ்கட் கம்பெனிப் பெண்கள்கூட பஸ்ஸை நிறுத்தி வந்தார்களாம். கனடாவில் பனி வாரும் மிஷின் விற்கிறவனின் விளம்பரத்தை, ஃபர்னஸில் வெந்துவிட்டு வந்த மனிதர்கள் ஆளுக்கு ஐந்து தடவை அமுக்கி, அடுத்த நொடியே மூடியிருக்கிறார்கள். ஒருவராவது மிஷின் வாங்குவாரா? காசு அழுகிறவன் சும்மா இருப்பானா? ஒரே இடம், ஒரே நேரம், திறந்ததும் மூடல். இது திருட்டுக் கணக்காகத்தான் தெரியும் என்று நைனாவுக்குச் சொன்னேன். எல்லார் எதிரிலும் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீ பேக்கிங்கு போயிடுவியோன்னு பயந்துதாம்மா ஆளு போட்டேன்."

"கெடு வச்சதே நீதான?"

"வாய் தவறி வச்சிட்டேன். சொன்ன சொல்ல எப்பிடி மாத்திக்கிறது?"

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. உண்மையை அப்படியே எழுதி, என் அப்பா ஒரு லைன் லீடர், அவருக்கு வேறு விதமாக உதவி செய்யத் தெரியாது என்று அமெரிக்காவுக்கு மேல்முறையீடு அனுப்பினேன். முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சவாலில் தோற்றவள் நான். சொல்லை மாற்றுகிற புத்தி எனக்கும் இல்லை. அவர் பெண்தானே.

ஜனவரி ஐந்தாம் தேதி பேக்கிங்கில் சேர்ந்தேன். பெல்ட்டின் எதிர்ப்பக்கம் எளாவூர் கங்கம்மா நின்றாள். மதியச் சாப்பாட்டில் என் டப்பாவில் பாதிக் கருவாட்டை எடுத்து வைத்தாள்.

"பாக்கியநாதன் பொண்ணு ஹெலன் நீதான? உனுக்காக நானும் அமுக்குனேன் கண்ணு. ஒருநாளுகூட உடல. செக்கு வந்துச்சா?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வந்துச்சுக்கா."

"அப்பறம் இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற?"

நல்லவேளையாக மணி அடித்தது. எழுந்து போய் பெல்ட்டின் அருகில் நின்றேன். டார்கெட்டில் இன்னும் நானூறு டப்பா பாக்கி இருந்தது.